கிளப்பை வாங்கியவர் மைதானத்தையும் வாங்கினாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப் கைமாறும்போதெல்லாம் நண்பர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். வாங்குகிறவர் எந்த நாட்டுக்காரர், எத்தனை கோடி வைத்திருக்கிறார், எந்த ஆட்டக்காரரைக் கொண்டுவருவார்? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மைதானம் யார் பெயரில் இருக்கிறது? கேட்டுக் கேட்டு எனக்குப் 'பட்டா பார்க்கிறவர்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி அலுத்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சந்தேகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியவை என்பதால் பதில்களும் அங்கேயே சுற்றும்.

1. ஒரு கிளப்பை வாங்குவது என்றால் உண்மையில் எதை வாங்குகிறார்கள்?

ஒரு கம்பெனியின் பங்குகளை. அந்தக் கம்பெனியிடம் லீக்கில் விளையாடும் இடம், ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள், சின்னம், கடன் எல்லாம் இருக்கும். மைதானம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

2021 அக்டோபரில் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு நியூகாசில் யுனைடெட்டை சுமார் 30.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. செயின்ட் ஜேம்ஸ் பார்க் நிற்கும் நிலம் அந்த விலையில் அடங்கவில்லை. அது குத்தகை நிலம். மான்செஸ்டர் சிட்டி விளையாடும் அரங்கமோ 2002 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. அதன் உரிமை மாநகராட்சியிடம் இருக்கிறது. கிளப் நீண்டகாலக் குத்தகைதாரர்.

2. வெளிநாட்டுப் பணம் அப்ரமோவிச்சோடுதானே தொடங்கியது?

அவருக்கு முன்பே வந்தவர்கள் உண்டு. 1997இல் எகிப்தியரான முகமது அல் ஃபயத் ஃபுல்லமை வாங்கினார். அதே ஆண்டில் இரண்டு நார்வேக்காரர்கள் விம்பிள்டனை வாங்கினார்கள். அந்தக் கதை 9ஆம் கேள்வியில் வருகிறது. ஆனால் 2003இல் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கியபோதுதான் அளவே மாறியது. பிறகு 2005இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு அமெரிக்காவின் கிளேசர் குடும்பம், 2007இல் சிட்டிக்குத் தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா, 2008இல் அவரிடமிருந்து அபுதாபியின் ஷேக் மன்சூர். இன்று இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் கிளப்புகளில் ஏறக்குறைய பாதி அமெரிக்கர்கள் கையில்.

3. வருடா வருடம் நஷ்டக் கணக்கு காட்டுகிறார்களே, பிறகு எதற்கு வாங்குகிறார்கள்?

கணக்குப் புத்தகத்தில் நஷ்டம், விற்கும் நாளில் லாபம். அப்ரமோவிச் செல்சியைக் கடன்களோடு சேர்த்து வாங்கிய விலை சுமார் 14 கோடி பவுண்டு. 2022இல் அது 250 கோடிக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் மேலும் 175 கோடி முதலீடு செய்வதாக வாக்களித்தார்கள். நடுவில் அவர் ஏறக்குறைய 150 கோடியைக் கடனாகக் கொட்டியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விற்ற பணம் அவர் கைக்கும் போகவில்லை. உக்ரைன் போருக்குப் பின் பிரிட்டன் அவர்மீது விதித்த தடையால் அது வங்கியில் முடங்கியது.

அரசுகள் வாங்கும்போது கணக்கே வேறு. அங்கே எதிர்பார்க்கப்படும் வருமானம் உலகின் நல்லெண்ணம். மனித உரிமை பற்றிய கேள்விகள் வர வேண்டிய இடத்தில் கோல்கள் வந்துவிடும். இதில் எனக்கு ஒட்டுதல் இல்லை. ஆனால் வெற்றி வந்த பிறகு ஒட்டுதல் இல்லாமல் இருக்கும் ரசிகர்கள் குறைவு என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

4. கிளேசர் குடும்பத்தை மட்டும் ஏன் இப்படித் திட்டுகிறார்கள்? அவர்களும் பணம் போட்டுத்தானே வாங்கினார்கள்?

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். விலை சுமார் 79 கோடி பவுண்டு; அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனை அடைக்கும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழவில்லை. கிளப்பின் தலையிலேயே கட்டப்பட்டது. அதுவரை கடனே இல்லாமல் இருந்த கிளப், தன்னை வேறொருவர் வாங்குவதற்கான வட்டியைத் தானே கட்டத் தொடங்கியது. நீங்கள் குடியிருக்கும் வீட்டை ஒருவர் கடனில் வாங்கி, தவணையை உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் எப்படியிருக்கும்? அதுதான் நடந்தது. அன்றிலிருந்து வட்டி, கடன் செலவு, லாப ஈவு என்று 100 கோடி பவுண்டுக்கு மேல் கிளப்பைவிட்டு வெளியேறியிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு மைதானம் கட்டியிருக்கலாம். டாட்டன்ஹாம் ஏறக்குறைய அந்தச் செலவில்தான் கட்டியது.

லிவர்பூலில் இதே வித்தை வேகமாக முடிந்தது. 2007இல் வாங்கிய அமெரிக்கர்கள் ஹிக்ஸும் ஜில்லட்டும், 60 நாட்களில் புதிய மைதானத்துக்கு மண்வெட்டி இறங்கும் என்றார்கள். மண்வெட்டி இறங்கவேயில்லை, வட்டி மட்டும் ஏறியது. 2010 அக்டோபரில் நீதிமன்றம்வரை போய் கிளப் 30 கோடிக்குக் கைமாறியது. அடுத்து வந்தவர்களும் அமெரிக்கர்களே. அவர்கள் புது மைதானக் கனவைக் கைவிட்டு பழைய மைதானமான ஆன்ஃபீல்டையே இரண்டு தவணையாக விரித்து, 61,000 பேர் உட்காரும்படி செய்தார்கள். ஒரே ஊர், ஒரே நாட்டிலிருந்து வந்த உரிமையாளர்கள், முடிவுகள் நேரெதிர். உரிமையாளரின் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

5. தொலைக்காட்சிப் பணமே கொட்டுகிறதே, டிக்கெட் பணத்துக்கு ஏன் இவ்வளவு அலைகிறார்கள்?

பிரீமியர் லீக்கின் மொத்த வருமானத்தில் ஆட்ட நாள் வருமானம் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். ஆனால் தொலைக்காட்சிப் பணம் இருபது கிளப்புகளும் பகிர்ந்துகொள்வது. போட்டியாளரைவிட நீங்கள் மிக அதிகமாக அதில் எடுத்துவிட முடியாது. வாசலில் வசூலாவது அப்படியில்லை. ஒரு காலத்தில் லீக் ஆட்டங்களின் வசூலில் விருந்தினர் அணிக்கும் பங்கு உண்டு. 1983இல் அந்த வழக்கம் எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து முழுப் பணமும் சொந்த மைதானக்காரருக்கே. பெரிய மைதானம் வைத்திருப்பவர் மேலும் பெரியவரானார்.

சாதாரண இருக்கைகளைவிடச் சாப்பாடும் மதுவும் சேர்த்து விற்கும் கார்ப்பரேட் இருக்கைகள்தான் முதலாளிகளின் கண்ணை இழுக்கின்றன. மைதானத்தின் நடுப்பகுதியில் பழைய ரசிகர்களின் இருக்கைகள் மெல்ல மெல்லப் பறிபோவதற்குக் காரணமும் அதுவே.

6. அப்படியானால் புதிய மைதானம் கட்டினால் லாபம் நிச்சயமா?

கட்டி முடித்து, கடனும் அடையும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆர்சனல் 2006இல் 38,000 பேர் கொள்ளும் ஹைபரியிலிருந்து 60,000 பேர் கொள்ளும் எமிரேட்ஸுக்கு மாறியது. செலவு சுமார் 39 கோடி பவுண்டு. 2005இல் வென்ற எஃப்.ஏ. கோப்பைக்கு அடுத்த கோப்பை 2014இல்தான் வந்தது. நடுவில் நட்சத்திர ஆட்டக்காரர்களான ஆன்றி போனார், ஃபாப்ரிகாஸ் போனார், வான் பெர்சி போனார். பழைய மைதானம் அடுக்குமாடிக் குடியிருப்பாயிற்று. ஆட்டக்காரர்கள் ஓடிய புல்வெளி இன்று அதன் நடுத்தோட்டம்.

டாட்டன்ஹாமின் 62,850 இருக்கை அரங்கம் 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அங்கே கால்பந்துக்கான புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து, தெற்கு ஸ்டாண்டின் (பார்வையாளர் அடுக்கின்) அடியில் அரை மணி நேரத்துக்குள் நழுவிப் போய்விடும். கீழே அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைத் தரை காத்திருக்கிறது. அந்தத் தெற்கு ஸ்டாண்டின் கீழே 65 மீட்டர் நீள மதுக்கூடம். பீர் கோப்பையின் அடிப்பக்கத்து ஓட்டை வழியாகக் கீழிருந்து மேலே நிரம்புகிறது. ஊற்றிவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. எதற்கு இத்தனை யோசனை? இடைவேளை 15 நிமிடம்தான். லீக்கில் சொந்த மண்ணில் 19 ஆட்டங்கள். கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தாலும் வருடத்தில் முப்பது நாளைத் தாண்டாது. மீதி நாட்களில் கான்கிரீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க இசைக் கச்சேரி, குத்துச்சண்டை, அமெரிக்கக் கால்பந்து எல்லாம் வந்தாக வேண்டும்.

7. மைதானத்துக்கு விமான நிறுவனத்தின் பெயரை வைப்பதில் என்ன சூட்சுமம் இருக்கிறது?

ஆர்சனல் செய்தது சாதாரண வணிகம். பணம் தேவை, ஒரு விமான நிறுவனம் பெயருக்கும் சட்டைக்கும் சேர்த்துக் கொடுத்தது. சிட்டியின் அரங்கத்துக்கு 2011இல் எதிஹாட் பெயர் வந்தபோதுதான் புருவங்கள் உயர்ந்தன. எதிஹாட் அபுதாபி அரசின் நிறுவனம். கிளப்பின் உரிமையாளர் அபுதாபி ஆளும் குடும்பத்தவர். வலது பையிலிருந்து இடது பைக்குப் பணம் மாறினால் அதை வருமானம் என்று எழுதலாமா என்பதே கேள்வி. இப்போது பிரீமியர் லீக்கில் இப்படிப்பட்ட உறவுக்கார ஒப்பந்தங்கள் சந்தை விலையை ஒட்டி இருக்கின்றனவா என்று சோதிக்க விதி இருக்கிறது. 2023 பிப்ரவரியில் சிட்டிமீது லீக் சுமத்திய நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளில் ஸ்பான்சர் வருமானம் பற்றியவையும் உண்டு. கிளப் அனைத்தையும் மறுக்கிறது.

8. சொந்தமாகக் கட்டுவதைவிட அரசின் மைதானத்தில் வாடகைக்கு இருப்பது நல்லதில்லையா?

வெஸ்ட் ஹாமைக் கேட்டால் ஆமாம் என்பார்கள். 2012 ஒலிம்பிக் அரங்கத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். தொடக்க வாடகை ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு அளவில்தான். அரங்கத்தைக் கால்பந்துக்கு ஏற்றபடி மாற்றிய செலவில் மிகப் பெரும்பகுதி பொதுப்பணம். ரசிகர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்: ஓடுதளம் இருந்த இடைவெளியைத் தாண்டித்தான் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாரிஸின் பிஎஸ்ஜி கிளப்பிலும் இதே இழுபறிதான். அதன் உரிமையாளரான கத்தாரின் பணத்துக்கு உலகின் விலையுயர்ந்த ஆட்டக்காரரை வாங்க முடிந்தது. அந்த அணி ஆடும், நகரத்துக்குச் சொந்தமான பார்க் தே பிரின்ஸ் மைதானத்தை வாங்க முடியவில்லை. மேயர் விற்க மறுத்தார்.

வீட்டுக்காரரோடு உறவு கெட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காவென்ட்ரி சிட்டியைப் பாருங்கள். பழைய ஹைஃபீல்ட் ரோடு மைதானத்தை விட்டு 2005இல் புதிய அரங்கத்துக்குப் போனார்கள். புதிய அரங்கமோ மாநகராட்சிக்கும் ஓர் அறக்கட்டளைக்கும் சொந்தம். வாடகை ஆண்டுக்கு 12 லட்சம் பவுண்டுக்கு மேல். உணவு, வாகன நிறுத்தம் போன்றவற்றின் வருமானம் வேறு கைகளில். 2007இல் லண்டனைச் சேர்ந்த முதலீட்டு நிதி ஒன்று கிளப்பை வாங்கியது. வாடகைத் தகராறு முற்றி, 2013இல் அணி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நார்தாம்ப்டனுக்குப் போய்ச் 'சொந்த' ஆட்டங்களை ஆடியது. உரிமையாளருக்கு ஒரு பென்னியும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்த ரசிகர்கள் சிலர், அந்த மைதானத்தை ஒட்டிய மேட்டில் ஏறி நின்று, வேலிக்கு மேலே தெரிந்த அளவு ஆடுகளத்தைப் பார்த்தார்கள். உள்ளே காலி இருக்கைகள், வெளியே மழையில் ரசிகர்கள். மறு ஆண்டு அணி ஊர் திரும்பியபோது அரங்கம் ஒரு ரக்பி கிளப்புக்கு விற்கப்பட்டது. 2019இல் மறுபடி வெளியேற்றம், இம்முறை பர்மிங்ஹாமுக்கு. ஒருவழியாக 2025இல்தான் கிளப்பின் புதிய உரிமையாளர் அரங்கத்தையும் வாங்கினார். இந்தக் கதையில் கிளப்பை வாங்கியது லண்டன் நிதிதான் என்பதைக் கவனியுங்கள். அணியும் நிலமும் வேறு வேறு கையில் போனதுதான் வினை.

9. அமெரிக்காவில் செய்வதுபோல் கிளப்பை வேறு ஊருக்கே கொண்டுபோய்விட முடியுமா?

ஆர்சனலின் உரிமையாளர் ஸ்டான் குரோங்கி 2016இல் தன் அமெரிக்கக் கால்பந்து அணியான ராம்ஸை செயின்ட் லூயிஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றினார். அதனால்தான் இந்தப் பயம். இங்கிலாந்தில் இது மிக அரிது; ஒருமுறை நடந்தது, அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

விம்பிள்டன் 1991இல் தன் பிளவ் லேன் மைதானத்தைவிட்டு வெளியேறி கிரிஸ்டல் பேலஸின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. பிளவ் லேன் பிறகு விற்கப்பட்டது. 2ஆம் பதிலில் சொன்ன நார்வேக்காரர்கள் கையில் வந்தபோது கிளப்புக்குச் சொந்த மண் இல்லை. மண் இல்லாததை எங்கே நட்டால் என்ன என்ற வாதம் எழுந்தது. 2002 மே மாதம் கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு 2க்கு 1 என்ற கணக்கில் மில்டன் கீன்ஸுக்கு மாற அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் விம்பிள்டனிலேயே புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கையில் எழுதியிருந்தார்கள். சில வாரங்களில் ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கி, ஊர்ப் பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்தார்கள். 2011இல் தொழில்முறை லீக்குக்குள் ஏறினார்கள். 2020 நவம்பரில், பழைய இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், அதே பிளவ் லேன் பெயரில் சொந்த மைதானத்துக்குத் திரும்பினார்கள்.

10. உரிமையாளரே தன் கிளப்பிடமிருந்து மைதானத்தை விலைக்கு வாங்குகிறாராமே, இது என்ன கூத்து?

கூத்துதான், ஆனால் விதிக்குள் ஆடியது. பிரீமியர் லீக்கின் விதி மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்றது. கீழ் லீக்கில் வரம்பு இன்னும் இறுக்கம். மைதானத்தை உரிமையாளரின் வேறொரு கம்பெனிக்கு விற்றால் அந்தத் தொகை லாபமாகப் பதிவாகும். டார்பி, ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்ட் வெட்னஸ்டே என்று வரிசையாகச் செய்தார்கள். கீழ் லீக் பிறகு ஓட்டையை அடைத்தது. செல்சி மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடிக்கு விற்றதும் இதே சூத்திரம்தான்.

வெட்னஸ்டேவின் தாய்லாந்து உரிமையாளர் ஹில்ஸ்பரோ மைதானத்தை 6 கோடிக்கு வாங்கினார். எந்த ஆண்டுக் கணக்கில் அதை எழுதினார்கள் என்பதில் தவறு கண்டு 12 புள்ளிகளைக் கழித்தார்கள். முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. 2020-21 பருவத்தில் அணி கடைசி இடம் பிடித்து அடுத்த கீழ் லீக்குக்கு இறங்கியது. அந்த 6 புள்ளிகள் இருந்திருந்தால் தப்பியிருக்கும். 2025 அக்டோபரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குள் போனது. மைதானத்தை வைத்திருந்த கம்பெனியும் கூடவே போனது.

11. அப்படியானால் மைதானத்தைக் காப்பாற்ற வழியே இல்லையா?

ஒரு நல்ல பூட்டு செல்சியில் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜின் ஆடுகளம் நிற்கும் நிலம், ரசிகர்கள் பங்கு வைத்திருக்கும் செல்சி பிட்ச் ஓனர்ஸ் என்ற நிறுவனத்துக்குச் சொந்தம். ரியல் எஸ்டேட் நிறுவனங்களிடம் மைதானத்தை இழக்கப் பார்த்த பிறகு, 1993இல் அதைத் தொடங்கினார்கள். அணி வேறெங்காவது போனால் 'செல்சி கால்பந்து கிளப்' என்ற பெயரையும் எடுத்துப்போக முடியாது. 2011இல் அப்ரமோவிச் தரப்பு நிலத்தைத் திரும்ப வாங்கக் கேட்டது. 75 சதவீதம் ஓட்டு வேண்டும், 61.6 சதவீதம்தான் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் எந்த ஆட்டக்காரரையும் வாங்கக்கூடியவராக இருந்தவர், தன் அணி ஓடும் புல்லை வாங்க முடியாமல் நின்றார்.

2025இல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி, மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ இடம் மாறவோ புதிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும். பூட்டு சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. எப்படிப் பூட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

12. ஜெர்மனியில் இந்தத் தலைவலியே கிடையாதாமே?

கிட்டத்தட்ட. அங்கே கிளப்பின் உறுப்பினர்கள் கையில் பாதிக்கு மேல் ஓட்டு இருக்க வேண்டும், 50+1 என்பார்கள். லெவர்குசன், வுல்ஃப்ஸ்பர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. லைப்சிக் கிளப் ஓட்டுள்ள உறுப்பினர்களை மிகச் சிலராக வைத்துக்கொண்டு, விதியின் எழுத்தை மதித்து அதன் உயிரை எடுத்தது என்பது பொதுவான புகார். 2024 பிப்ரவரியில் லீக் ஒரு முதலீட்டாளரைத் தேடியபோது ரசிகர்கள் ஆடுகளத்தில் டென்னிஸ் பந்துகளை வாரம் தவறாமல் வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். லீக் திட்டத்தைக் கைவிட்டது.

13. ரசிகர்கள் போராடி ஏதாவது நடந்திருக்கிறதா? சும்மா பேனர் பிடிப்பதோடு சரியா?

டிக்கெட் விஷயத்தில் நடந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் புதிய ஸ்டாண்டில் 77 பவுண்டு டிக்கெட்டை அறிவித்தது. அடுத்த சொந்த ஆட்டத்தில், சண்டர்லாண்டுக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது, 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். கார்டிஃபின் மலேசிய உரிமையாளர் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். இரண்டரை ஆண்டு எதிர்ப்புக்குப் பின் நீலம் திரும்பியது.

உரிமையையே கைமாற்றும் போராட்டம் வேறு. புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் கோழி நிறுவனம் 2010இல் பிளாக்பர்னை வாங்கியது. 2012 மே மாதம், அணி கீழிறங்கிய இரவில், ரசிகர்கள் கொடி போர்த்திய கோழி ஒன்றை ஆடுகளத்தில் ஓடவிட்டார்கள். உலகமே சிரித்தது. உரிமையாளர்கள் நகரவில்லை.

14. உங்கள் கண்ணில் ஒரு நல்ல வெளிநாட்டு உரிமையாளர்கூட இல்லையா?

லெஸ்டரின் தாய்லாந்து உரிமையாளராக இருந்த விச்சாய் ஸ்ரீவத்தனபிரபாவைச் சொல்வேன். 2016இல் 5000க்கு 1 என்ற பந்தயக் கணக்கை உடைத்து அணி பிரீமியர் லீக் பட்டம் வென்றது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 2013இல், அவர் இரண்டு காரியம் செய்தார். கிளப்புக்குத் தான் கொடுத்திருந்த கடனைப் பங்காக மாற்றினார். மைதானத்தை, அப்போது அதை வைத்திருந்த அமெரிக்க ஆசிரியர் ஓய்வூதிய நிறுவனத்திடமிருந்து மீட்டார். 2018 அக்டோபரில் அந்த மைதானத்தின் வாசலிலேயே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவருக்குப் பின் அணி இருமுறை கீழிறங்கியது. நல்லவர் என்பதும் ஒரு குத்தகைதான். ஆள் போனால் முடிந்துவிடும்.

15. மான்செஸ்டர் யுனைடெட் 1,00,000 பேர் உட்காரும் மைதானம் கட்டப்போகிறதே, பணம் யார் கொடுப்பது?

2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தபோது வரைபடம் இருந்தது, சுமார் 200 கோடி பவுண்டு என்ற மதிப்பீடு இருந்தது, பணம் எங்கிருந்து என்பது மட்டும் இல்லை. சிறுபங்கை வாங்கி அணி நிர்வாகத்தை ஏற்ற ஜிம் ராட்கிளிஃப் வெளிநாட்டுக்காரர் அல்ல, மான்செஸ்டர் பக்கத்தில் பிறந்தவர். அவர் வந்த பிறகுதான் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பருவத்தின் நடுவில், மீதமிருந்த டிக்கெட்டுகளின் விலை, குழந்தைக்கும் முதியவருக்கும்கூட 66 பவுண்டு ஆனது.

4ஆம் பதிலில் சொன்ன பழைய கடன் இன்னும் அடையவில்லை. அதன்மேல் இன்னொன்று ஏறினால் அது யார் பெயரில், எந்த வட்டிக்கு, எதை ஈடாக வைத்து என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வரும்வரை நான் வரைபடத்தைப் பார்க்கப்போவதில்லை. 2024 மே மாதம் ஆர்சனலுடன் ஆடி முடித்த மாலையில் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் கூரையிலிருந்து மழைநீர் அருவியாக இருக்கைகள்மேல் கொட்டியது. இருபது வருட வட்டி போன பிறகு மிஞ்சிய கூரை அது.